ஓபி சீட்டு போடாம வராதீங்க

எனக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பால் சொசைட்டில கணக்கு எழுதுற வேலை, 11 வருசமாச்சு. ஊர்ப் பேரையும் எங்க ஊர் ஆஸ்பத்திரி பேரையும் வேணும்னேதான் எழுதல, அங்க வேலை பாக்குறவங்க யாருக்கும் இதனால தொந்தரவு வரக்கூடாது. அம்மாவுக்கு சுகரு, பிரசரு, அப்பாவுக்கு ஹார்ட்டு, இந்த ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு 2019ல இருந்து தனியாரு, ஆரம்ப சுகாதார நிலையம், மதுரை பெரியாஸ்பத்திரின்னு மாறி மாறி அலைஞ்சதுல எனக்குப் புரிஞ்சத அடுத்தவங்களுக்கு உதவுமேன்னு எழுதுறேன். தலைப்புல சொன்ன ஓபி சீட்டுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போனதும் பேரு பதிஞ்சு வாங்குற வெளிநோயாளி சீட்டு. நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

2019 ஐப்பசில அம்மாவுக்கு கால் பெருவிரல்ல புண்ணு. வயக்காட்டுல முள்ளு குத்தினது, சுகர் இருக்குறதால ஆறல, பதினஞ்சு நாளா மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கிட்டு இருந்துருக்காங்க, எங்கிட்ட சொல்லவே இல்ல. நாத்தம் வந்த பிறகுதான் தெரிஞ்சுச்சு. கவர்மெண்டு ஆஸ்பத்திரி வேணாம்னு சொந்தக்காரங்க அத்தன பேரும் சொல்ல, மதுரைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேத்தோம். விரல எடுத்தாங்க, 12 நாள் இருந்தோம், வெளிய வரும்போது 1,38,000 ரூவா. ரெண்டு கறவை மாட்ட வித்தோம், என் நகை அடகுக்குப் போச்சு, அது திரும்ப வர மூணு வருசம் ஆச்சு. இத்தனைக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டு பீரோவுலதான் இருந்துச்சு. இந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்துல இருக்கா, இந்த ஆபரேசனுக்கு வருமான்னு சேக்குறதுக்கு முன்னாடி கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணல, அவங்களும் சொல்லல. இப்ப யாரு வந்து எங்கிட்ட கேட்டாலும் முதல்ல இதத்தான் சொல்றேன். அட்மிசன் போடுறதுக்கு முன்னாடி 1800 425 3993க்கு போன் போட்டு கேளுங்க, அந்த நம்பருக்கு காசு கிடையாது. அட்டை இல்லாதவங்க இப்பவே எடுத்து வைங்க. குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா கிடைக்கும், முன்ன 72,000னு இருந்தத 2022ல ஏத்துனாங்க. விஏஓ கிட்ட வருமானச் சான்று, ரேசன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற மையத்துக்கு போகணும். ஆளு படுத்த பிறகு இதுக்கு அலைய முடியாது, நான் அலைஞ்சு பாத்துட்டேன்.

அதுக்கப்புறமும் அம்மா மாத்திரைக்கு மாசம் 1,800 ரூவா தனியார் டாக்டரு, மெடிக்கல்னு போய்க்கிட்டேதான் இருந்துச்சு. 2021 ஆகஸ்டுல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்கல்ல, எங்க தெரு மகளிர் குழு அக்கா ஒருத்தங்கதான் அதுல தன்னார்வலர், வீட்டு வாசல்லயே உக்காந்து சுகர் பாத்து, பிரசர் பாத்து, மாசத்துக்கு மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க. அம்மா வாங்கி வெச்சுக்குவாங்க, அந்தக்கா மனசு நோகக் கூடாதுன்னு. ஆனா முழுங்க மாட்டாங்க. "ஓசி மாத்திரை கேக்காதுடி"ன்னு பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்காங்க, ஒரு நாள் தொறந்து பாத்தா டப்பா நெறைய மாத்திரை. இங்கிட்டு இந்த டப்பா, அங்கிட்டு கடன் வாங்கி மெடிக்கல்ல அதே மாத்திரை.

அதே மாத்திரைதான்னு எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, அந்த டப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மருந்தாளுநர் சார் ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காமிச்சாரு. இதுலயும் மெட்ஃபார்மின் 500, அதுலயும் மெட்ஃபார்மின் 500. இதுலயும் அம்லோடிபின், அதுலயும் அம்லோடிபின். கலருதான் வேற. அரசு மாத்திரைய வாங்குறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994ல ஆரம்பிச்சது, மொத்தமா டெண்டர் விட்டு வாங்குறதால வெல கம்மி, ஒவ்வொரு பேட்சையும் லேப்ல டெஸ்ட் பண்ணுன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருதுன்னு சொன்னாரு. அப்புறம் அவரு சொன்ன இன்னொரு விசயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுச்சு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் மாதிரி இருக்காம், வருசத்துக்கு இவ்வளவு ரூவா மதிப்புக்கு மருந்து எடுத்துக்கலாம்னு. எத்தன பேரு வந்தாங்க, என்ன மருந்து எவ்வளவு செலவாச்சுங்கிற கணக்க வெச்சுத்தான் அடுத்த தடவ எவ்வளவு வேணும்னு கேட்டு எழுத முடியும். "உங்கம்மா மாதிரி வாங்கி வெச்சுக்கிட்டு சாப்பிடாதவங்களும் இருக்காங்க, வந்து ஊசி போட்டுட்டு சீட்டு போடாம போறவங்களும் இருக்காங்க, ரெண்டுமே எங்க கணக்கத் தப்பாக்குது தங்கச்சி"ன்னாரு.

பால் சொசைட்டில இருக்குறதால எனக்கு இது சட்டுனு புரிஞ்சுச்சு. எங்க ஊர்ல பாதிப் பேரு தனியார் வண்டிக்கு பால் ஊத்துன காலம் இருந்துச்சு. அப்ப நாங்க பால் கெடாம வைக்கிற கூலர் கேட்டோம், நோட்டுல லிட்டரு இல்லையே, எப்படிக் குடுப்பாங்க? ஊர்ல மாடு எத்தனங்கிறது எங்களுக்குத் தெரியும், மேல இருக்குறவங்க பாக்குறது நோட்ட மட்டும்தான். போனஸும் அப்படித்தான், ஊத்துன பால் நோட்டுல ஏறியிருந்தாத்தான் தீவாளிக்கு காசு. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரும் அதே நோட்டுதான்னு அன்னைக்குத்தான் தோணுச்சு. அன்னையில இருந்து ரெண்டு பாராசிட்டமால் வாங்கப் போனாக்கூட நான் ஓபி சீட்டு போடாம வர்றதில்ல.

அம்மாவ அந்த மாத்திரையச் சாப்பிட வைக்க ரெண்டு மாசம் ஆச்சு. நான் சொல்லி கேக்கல, தம்பி சொல்லி கேக்கல, டாக்டரம்மாவே ரெண்டு அட்டையயும் கையில குடுத்து "எழுத்து தெரியும்ல, படிங்கம்மா"ன்னு சொன்ன பிறகுதான் கேட்டாங்க. இப்ப மூணு வருசத்துக்கு மேல கவர்மெண்டு மாத்திரைதான், சுகர் கட்டுப்பாட்டுல இருக்கு, மாசம் 1,800 மிச்சம்.

இப்ப அப்பா கதை. 2024 சிவராத்திரி, எங்க பக்கம் மாசிப் பச்சைன்னா ஊரே கோயில்லதான் கெடக்கும், சாமி பெட்டி எடுத்து வந்து, ரெண்டு மூணு நாளு தூக்கமில்லாம எல்லாரும் அலுத்துப்போயி இருந்தோம். திருவிழா முடிஞ்ச மூணாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "வாயுப் புடிப்புத்தா, கறி ஒத்துக்கல, சோடா வாங்கிட்டு வா"ங்கிறாரு. வேர்வை ஊத்துது, இடது கை மரத்துப் போகுதுங்கிறாரு. தம்பி கார் புடிச்சு நேரா மதுரைக்கு தனியாருக்கு போயிரலாம்னு நிக்கிறான். கார் வரவே அரைமணி நேரம் ஆகும், அதுக்கப்புறம் மதுரைக்கு நாப்பது கிலோமீட்டரு. எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு, ராத்திரில டாக்டர் இருக்க மாட்டாங்க, ஆனா நர்ஸ் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், பைக்கில நடுவுல உக்கார வெச்சு கொண்டு போயிட்டோம்.

சின்னப் பொண்ணு, கான்ட்ராக்ட் நர்ஸு. ராத்திரில ஒத்தையா இருந்துச்சு. பத்து நிமிசத்துல இசிஜி எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டு, போன்லயே பேசிட்டு, 14 மாத்திரை எண்ணிக் குடுத்துச்சு. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. இதயம் காப்போம்னு 2023 ஜூன்ல கொண்டு வந்த திட்டம் அது, ஹார்ட் அட்டாக்குன்னு தெரிஞ்ச உடனே பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் உயிரப் புடிச்சு வைக்கிறதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் இந்த மாத்திரை இருக்கும். இத நீங்களா மெடிக்கல்ல வாங்கி வீட்டுல வெச்சு முழுங்கிறாதீங்க, இசிஜி பாத்து சொன்ன பிறகுதான், ஏன்னா வேற வியாதிக்கு இது ஆபத்தாயிரும். நர்சுப் பொண்ணே 108க்கு சொல்லிருச்சு. வண்டி செக்கானூரணி தாண்டும்போது உள்ள இருந்தவரு பெரியாஸ்பத்திரிக்கு போன்ல சொல்லிக்கிட்டே வந்தாரு, இன்ன வயசு, இன்ன மாத்திரை குடுத்தாச்சு, இசிஜி இப்படின்னு. நாங்க கோரிப்பாளையம் போய் எறங்கும்போது அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. தனியா கார்ல போயிருந்தா இது எதுவும் நடந்திருக்காது, வழியில ஒண்ணு ஆயிருந்தா வண்டிக்குள்ள யாரு இருக்கா?

பெரியாஸ்பத்திரின்னா வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், அரசு ராஜாஜி மருத்துவமனை. எங்க அப்பத்தா காலத்து ஆளுங்க எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க. 1954ல ஆரம்பிச்ச மதுரை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம்னு அத்தன மாவட்டத்துக்கும் இதுதான் கடைசி நம்பிக்கை. ஜீரோ டிலே வார்டுன்னு ஒண்ணு, அங்கதான் முதல்ல கொண்டு போனாங்க, ஆபத்து எவ்வளவுன்னு பாத்து செவப்பு, மஞ்ச, பச்சைன்னு பிரிக்கிறாங்க, அப்பாவ செவப்புல வெச்சாங்க. ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போட்டு, மறுநாளு ஆஞ்சியோ பாத்து, அடைச்சிருந்த ரத்தக்குழாய்ல ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. எங்க கைக்காசு போனது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்தான்.

அங்க அஞ்சு நாள் இருந்ததுல சொல்றது: ஆதார், ரேசன் கார்டு, காப்பீட்டு அட்டை ஒவ்வொண்ணுலயும் நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒரு மஞ்சப்பையில போட்டு வைங்க. பழைய சீட்டு, பழைய இசிஜி எல்லாத்தையும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல வைங்க. கூட ஒரே ஆளா இருங்க, மாறி மாறி ஆறு பேரு வந்தா டாக்டர் யாருக்கிட்ட என்ன சொன்னாருன்னே தெரியாமப் போயிரும். ரவுண்ட்ஸ் வர்ற டாக்டருங்க கிட்ட கேக்க வேண்டியத முன்னாடியே எழுதி வெச்சுக்கங்க, நாலு கேள்விக்கு மேல கேக்க நேரம் இருக்காது. எங்க பக்கத்துல இருந்து பஸ்ல செக்கப்புக்கு வர்றவங்க ஆரப்பாளையத்துல எறங்கி டவுன் பஸ் புடிங்க, விடிகாலைல கிளம்பிருங்க. பக்கவாதம்னா இன்னும் அவசரம், வாய் கோணுனா, கை தொங்குனா, பேச்சு குழறுனா நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டாகணும், அதுல பாதிய குறி சொல்ற கோடாங்கிக்கிட்ட போயி தொலைச்சிராதீங்க. ரோட்டுல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில காசு கேக்க மாட்டாங்க, தனியாரா இருந்தாலும்.

இப்ப காப்பீட்டு அட்டை விசயம், இதுதான் நிறைய பேருக்குத் தெரியாதது. கவர்மெண்டு ஆஸ்பத்திரில எல்லாம் ஃப்ரீதானே, அங்க எதுக்கு அட்டை குடுக்கணும், தீந்து போயிருமேன்னு தம்பி அட்டைய ஒளிச்சு வெச்சுக்கிட்டான். இன்சூரன்ஸ் கவுண்டர்ல இருந்த அக்கா பொறுமையா சொன்னாங்க. அரசு ஆஸ்பத்திரில அட்டை போட்டு ஆபரேசன் பண்ணுனா காப்பீட்டுத் திட்டத்துல இருந்து அந்த ஆஸ்பத்திரிக்கே பணம் வரும், அதுல ஒரு பங்கு அங்க வேலை பாக்குறவங்களுக்கு ஊக்கத்தொகை, மிச்சத்துல மிசின் வாங்க, ரிப்பேர் பாக்க, அவசரத்துக்கு இல்லாத சாமான் வாங்கன்னு ஆஸ்பத்திரியே செலவு பண்ணிக்கலாம். அட்டை குடுக்கலைன்னா வைத்தியம் நிக்காது, ஆனா அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு வராமப் போயிரும். அதே அட்டைய தனியார்ல போட்டா அரசுப் பணம் தனியாருக்குப் போகுது. குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அவ்வளவு லேசுல தீராது. அந்தக்கா சொன்னதக் கேட்டு தம்பி சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்துட்டான். அப்பாவுக்கு வெச்ச ஸ்டென்டுக்கு வந்த பணத்துல அடுத்த அப்பா யாருக்கோ ஏதோ வாங்கியிருப்பாங்கன்னு நெனைக்கும்போது எனக்கு மனசு நெறைஞ்சுச்சு.

அப்பா பொழைச்சு வந்துட்டாரு. ஆனா அவரக் காப்பாத்துன அந்த நர்சுப் பொண்ணு ரெண்டு மாசத்துல போயிருச்சு. அதுக்கு சொந்த ஊரு விருதுநகர் பக்கம், கைக்குழந்தை இருக்கு. 2012ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்னு ஒண்ணு அமைச்சு, 2015ல இருந்து அது வழியா நர்சுகள தொகுப்பூதியத்துல எடுத்தாங்க, ஆரம்பத்துல 7,700 ரூவாதான், இப்ப 18,000. நிரந்தரம் ஆகுறதுக்கு காத்துக்கிட்டு இருக்குறவங்க ஆயிரக்கணக்குல, அதுக்காக எத்தன தடவ ரோட்டுல உக்காந்துருக்காங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ராத்திரில ஒத்தையா ஒரு உயிரத் தாங்கிப் புடிக்கிற வேலைக்கு 18,000 போதுமான்னு நீங்களே சொல்லுங்க. அது டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போனத நான் தப்பே சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் எங்க ஊர் ஆஸ்பத்திரில ராத்திரி ஆளில்ல. 24 மணி நேரமும் நடக்கணும்னா மூணு ஸ்டாஃப் நர்ஸ் ஷிஃப்டு பாக்கணும், ஒருத்தங்கதான் இருந்தாங்க, அவங்க பகல் மட்டும். ராத்திரி கேட்டுல பூட்டு. ஆடி மாசம் ஒரு பயலுக்கு பாம்பு கடிச்சு, உள்ள ஃப்ரிட்ஜுல பாம்புக்கடி மருந்து இருக்கு, போட ஆளில்லாம உசிலம்பட்டிக்குத் தூக்கிட்டு ஓடுனாய்ங்க. பொழைச்சுக்கிட்டான், ஆனா அன்னைக்கு ராத்திரி ஊரே கொதிச்சுப் போச்சு. சில பேரு மறியல் பண்ணலாம்னாய்ங்க, பகல்ல இருக்குற நர்ஸ்கிட்ட போயி சத்தம் போட்டாய்ங்க. அது பெரிய தப்பு. மூணு பேரு வேலைய ஒத்தையா பாக்குறவங்கள திட்டுனா அவங்களும் போயிருவாங்க.

நான் பண்ணுனது ரெண்டு காரியம். ஒண்ணு, தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. வெள்ளைத் தாள்ல கையால எழுதுனதுதான், 10 ரூவா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட துணை இயக்குநர் சுகாதாரப் பணிகள் அலுவலகத்து பொதுத் தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனேன். ஏன் ஆளில்லைன்னு கேக்கக் கூடாது, அதுக்கு பதிலே வராது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தன, நிரப்பினது எத்தன, காலி எந்தத் தேதில இருந்து, போன 12 மாசத்துல மாசவாரியா ஓபி எத்தன, இப்படி எண்ணா கேக்கணும். 30 நாளைக்குள்ள குடுக்கணும், குடுத்துட்டாங்க. ஸ்டாஃப் நர்ஸ் 3ல 2 காலி, லேப் டெக்னீசியன் காலி. ஓபி எண்ணிக்கையப் பாத்ததும்தான் எனக்கு பக்குனு ஆச்சு, மாசா மாசம் எறங்கிக்கிட்டே வந்திருக்கு. ஆளில்லைன்னு சனம் போகல, சனம் வரலைன்னு கணக்கு சொல்லுது, அந்தக் கணக்கக் காட்டி இருக்குற ஆளையும் வேற ஊருக்கு டெபுடேசன்ல அனுப்பிருவாங்களோன்னு பயந்து போனேன்.

இன்னொண்ணு, அந்தத் தாளை எடுத்துக்கிட்டு 2024 ஆகஸ்டு 15 கிராம சபைக்குப் போனது. எங்க சொசைட்டிக்கு பால் ஊத்துற பொம்பளைங்க கிட்ட காலைல கேன் எடுக்கும்போதே சொல்லிட்டேன், 60 பேருக்கு மேல வந்துட்டாங்க. வாயால பேசிட்டு வந்துறக் கூடாது, தீர்மானமா எழுத வைக்கணும், தீர்மான நம்பர் கேட்டு வாங்கணும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டச் சொல்லணும். "நர்ஸ் போடவும்"னு எழுதாம, காலிப் பணியிடம் இன்ன தேதில இருந்துன்னு தகவல் உரிமைல வந்த பதில அப்படியே சேத்தோம். நகல எடுத்து கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்லயும் குடுத்தோம். திங்கக்கிழமை தோறும் நடக்கும், ரசீது வாங்காம வராதீங்க.

அதோட, ஆஸ்பத்திரிக்கு நோயாளர் நலச் சங்கம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு தேசிய நலவாழ்வுத் திட்டத்துல இருந்து ஒரு சின்ன நிதி வரும், அந்தத் திட்டமே மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு போட்டு நடத்துறது. லைட்டு, தண்ணி, உக்கார பெஞ்சு, இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி விசயத்துக்கு அந்தச் சங்கத்துல பேசுனாலே போதும், எல்லாத்துக்கும் சென்னைக்கு எழுத வேணாம். எங்க டாக்டரம்மா இதச் சொன்ன பிறகு சொசைட்டி சார்பா நாங்க கேட்டு பிரசவ வார்டு பேட்டரிய மாத்துனோம்.

ஐப்பசில ஒரு நர்ஸ் போட்டாங்க, கார்த்திகைல இன்னொருத்தங்க. ராத்திரி கேட்டு இப்ப தொறந்திருக்கு. தீர்மானத்தாலயா, மனுவாலயா, பொதுவா ஆள் எடுத்ததுல எங்க முறை வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. வந்தவங்களுக்கு முதல் நாளே தங்க வீடு பாத்துக் குடுத்தோம், வாடக கம்மியா. வெளியூர்ல இருந்து வர்ற பொண்ணுக்கு ராத்திரி டூட்டி முடிஞ்சு பஸ் இல்லைன்னா எப்படி நெலைச்சு இருக்கும்? சீட்டு விசயத்தையும் விடல, பால் ஊத்த வர்றவங்க கிட்ட யாரு வீட்டுல சுகரு, யாரு வீட்டுல மாசமா இருக்காங்கன்னு கேட்டு அனுப்புறேன். மாசமா இருக்குறவங்க 12 வாரத்துக்குள்ள நர்சம்மாகிட்ட பதிஞ்சு பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு நம்பர் வாங்கிருங்க, அது இருந்தாத்தான் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000, கொழந்தை பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பரக் கேப்பாங்க.

லேப் டெக்னீசியன் இன்னும் போடல. வேற ஊர்ல இருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வர்றாங்க, அதனால அம்மாவுக்கு ரத்தம் குடுக்க அந்த ரெண்டு நாளு மட்டும் வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போறேன். வர்ற ஜனவரி 26 கிராம சபைக்கு அதுக்கு ஒரு மனு எழுதி வெச்சிருக்கேன், நேத்து வரைக்கும் 71 கையெழுத்து ஆயிருக்கு. மேலத்தெரு இன்னும் போகல, சாயங்காலப் பால் எடுத்து முடிச்சதும் போகணும்.